வயோமிங்கில் ஒரு முகவரி

எழுந்ததும் மோட்டார் போடுவேன். தொட்டி நிறையும்வரை பல் தேய்ப்பேன். போர் தண்ணீர் உப்பு. வாய் கொப்புளிக்க மட்டும் கேன் தண்ணீர். மோட்டாரை நிறுத்திவிட்டு வாசலைக் கூட்டுவேன். பச்சைத் தண்ணீரில் குளிப்பேன். மார்கழியிலும் அப்படித்தான். திருச்சுழி பஸ் ஸ்டாண்டு வரை நடந்து போய் இட்லி வாங்கி வருவேன். பாதியைக் காலையில் தின்பேன், பாதியை மதியம். பிறகு மடிக்கணினியைத் திறந்து, ராத்திரி எத்தனை பேர் என் பக்கங்களைப் படித்தார்கள், எத்தனை பேர் இணைப்பைத் தட்டினார்கள், எத்தனை பேர் வாங்கினார்கள் என்று பார்ப்பேன்.

இதுதான் தொழில். மிக்சி, கிரைண்டர், தோசைக்கல், குக்கர் இவற்றைப் பற்றித் தமிழில் எழுதுவேன். எது உழைக்கும், எது சீக்கிரம் கெடும் என்று. கட்டுரைக்குக் கீழே கடையின் இணைப்பு இருக்கும். அதைத் தட்டிப் போய் ஒருவர் வாங்கினால் கடைக்காரர் எனக்குத் தரகு தருவார். என் கையில் சரக்கு கிடையாது. நான் பெண் பார்க்கப் போனபோது மாமியார் முத்துப்பேச்சி தன் சொந்தக்காரர்களிடம் இதை இப்படி விளக்கினார்: "மாட்டுத் தரகு மாதிரிதான் பாக்காக மாப்ள. மாடு மட்டும் கெடையாது."

கதவுக்குப் பின்னால் நாகஜோதி சிரித்தது எனக்குக் கேட்டது.

கல்யாணத்துக்குப் பிறகு நான் எழுதும் பொருளையெல்லாம் அவள்தான் அடுப்பில் ஏற்றிப் பார்த்தாள். தோசை ஒட்டினால் ஒட்டுகிறது என்று எழுதச் சொல்வாள். கம்பெனிக்காரன் கோபித்துக்கொள்வான் என்றால், "அவனா வந்து சொரண்டப் போறான்?" என்பாள். அதனாலேயே என் பக்கங்களைச் சனங்கள் நம்பினார்கள்.

அவள் மார்கழியில் இறந்தாள். குளியலறைக் குழாயில் மாட்டும் ஹீட்டர். குழாயைத் திறந்தால் சுடுதண்ணீர் வரும். அருப்புக்கோட்டை கஸ்தூரி ஹோம் நீட்ஸில் வாங்கியது. வெள்ளத்துரை என்பவரின் பழைய பாத்திரக்கடை அது. மகன் உதயகுமார் தலையெடுத்த பிறகு, தாயார் பெயரில் ஆன்லைனிலும் விற்கத் தொடங்கினார். எங்கிருந்தோ பெட்டி பெட்டியாகச் சரக்கு வரும். மேலே கஸ்தூரி என்று ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். நான் மதுரைக்குப் போயிருந்த ஒரு நாள் கடை ஆள் வந்து மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

எங்கள் ஊர் உப்புத் தண்ணீர் சில மாதங்களில் ஹீட்டர் கம்பியின் உறையைத் தின்றுவிட்டது. கம்பியில் ஓடிய கரண்டு தண்ணீருக்கு வந்தது. மூன்று முனை பிளக்காக இருந்தால் கரண்டு எர்த் வழியாக மண்ணுக்குப் போயிருக்கும். பியூஸ் போயிருக்கும். அவ்வளவோடு முடிந்திருக்கும். இதில் இரண்டு முனைதான். பெட்டிமேல் உள்ள படத்தில் மூன்று.

கதவை உடைத்துத்தான் திறந்தோம்.

காரியம் முடிந்த பிறகு அந்தக் கடையின் இணையப் பக்கத்தில் எழுதினேன். 'இந்த ஹீட்டரால் என் மனைவி இறந்தார். இரண்டு முனை பிளக். வாங்காதீர்கள்.' அன்று மாலையே கடையின் பதில் கீழே வந்தது. 'எர்த் வேண்டாம், இரண்டு முனையே போதும் என்று வாடிக்கையாளரே எங்கள் ஊழியரிடம் போனில் கேட்டு அப்படி மாட்டிக்கொண்டார். போன் பதிவு எங்களிடம் உள்ளது. அன்னாரது ஆத்மா சாந்தியடையட்டும்.'

மறுநாள் நான் எழுதியதை நீக்கிவிட்டார்கள். அவர்கள் எழுதியதை யாரோ படம் பிடித்து ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் போட்டார்கள். டீக்கடையில் என் முதுகுக்குப் பின்னால் பேசினார்கள்.

"ஏலே, அந்தப் புள்ளயே எர்த்து வேணாம்னுருச்சாம்ல."

"படிச்ச புள்ளைக எல்லாம் அப்பிடித்தாம்லே. எல்லாந் தெரியும்கும்."

மல்லாங்கிணற்றிலிருந்து மாமியார் போன் செய்தார்.

"மாப்ள, ஒண்ணு கேப்பேன். கோவிச்சுக்கிராதீக. எம்மகளா அப்பிடிச் சொன்னா?"

"இல்லத்தை."

"அந்தாளு வந்து மாட்டுன அன்னைக்கு நீங்க மருதைல இருந்தீகள்ல. ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

கேட்டுவிட்டு அவர் போனை வைத்துவிட்டார். அதன்பின் போன் செய்தால் சாப்பிட்டீர்களா என்று மட்டும் கேட்டார்.

ஒரு பெண்ணைக் கொன்றுவிட்டு, அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள் என்று அவள் வாயில் ஒரு சொல்லை வைத்திருக்கிறார்கள். பெற்ற தாயும் அதைப் பாதி நம்புகிறாள். கடைக்குப் போனேன்.

உதயகுமார் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அடையாளம் தெரிந்துகொண்டார்.

"வா தம்பி. கேள்விப்பட்டேன். என்ன செய்ய, நேரம்."

"போன் பதிவு இருக்குன்னு போட்டிருக்கீங்க அண்ணாச்சி. அதைக் கேக்கணும்."

"அது ஆபீஸ் விசயம்ப்பா."

"ஆபீஸ் எங்க இருக்கு?"

"இதான் ஆபீஸு."

"அப்ப இங்கயே போடுங்க."

பில் போட்ட பெண் தலையைக் குனிந்துகொண்டாள். உதயகுமார் அதைப் பார்த்துவிட்டார். அவர் குரல் இறங்கியது.

"ஏம்ப்பா, இல்லைன்னு சொல்ல அந்தப் பிள்ள எந்திரிச்சு வரப் போகுதா? போ. போயி வேலையப் பாரு."

வேலையைப் பார்க்கப் போனேன்.

ஆன்லைன் கடைக்காரருக்கு என்னைப் போன்ற தரகர்கள் வேண்டும். உதயகுமாருக்கும் சிலர் இருந்தார்கள். நானும் சேர முடிவு செய்தேன். அவருடைய சரக்கு முழுவதும் என் கை வழியாகப் போக வேண்டும். போய்ப் பழக வேண்டும். பிறகு கையை எடுக்க வேண்டும். திட்டம் இவ்வளவுதான். ஒரு தடங்கல் இருந்தது. யார் விண்ணப்பித்தாலும் பெயரும் ஊரும் உதயகுமாரின் கண்ணுக்குப் போகும். என் பெயர் அருஞ்சுனை, ஊர் திருச்சுழி என்று பார்த்தால் அந்த நிமிடமே தள்ளிவிடுவார்.

அமெரிக்காவில் வயோமிங் என்றொரு மாநிலம். அந்த நாட்டில் கால் வைக்காதவனும் அங்கே கம்பெனி தொடங்கலாம். முதலாளி யார் என்று பொதுவில் போட மாட்டார்கள். விருதுநகரில் எனக்குக் கணக்குப் பார்க்கும் ஆடிட்டர் சங்கரிடம் போனேன்.

"இங்க வைக்க எடமா இல்ல? எதுக்கு அம்புட்டுத் தொலவு?" என்றார்.

"என் பேரு தெரியக் கூடாது சார்."

"யாருக்கு? இன்கம்டாக்சுக்கா?"

"இல்ல. ஒரு ஆளுக்கு."

"ஒரு ஆளுக்குத்தானா? அப்பச் சரி. ரிசர்வ் பேங்க் பாரம், வருசா வருசம் அமெரிக்காவுக்கு ஒரு ரிட்டர்ன், இங்க ஒரு ரிட்டர்ன். எல்லாத்தையும் ஒழுங்கா காட்டிரணும். விட்டா அவன் போடுற அபராதத்துக்கு நீங்க திருச்சுழிய வித்தாலும் பத்தாது." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆளு யாரு, அம்புட்டுப் பெரிய ஆளா?"

"பாத்திரக்கடை."

சங்கர் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு பாரத்தை எடுத்தார்.

கம்பெனிக்கு டிரை ரிவர் மீடியா என்று பெயர் வைத்தேன். வறண்டு கிடக்கும் எங்கள் ஊர் குண்டாறுதான் அது. அங்கே முகவரி வேண்டுமே, அதற்கென்று ஏஜெண்டுகள் இருக்கிறார்கள். ஒரே கட்டடத்தில் ஆயிரக்கணக்கான கம்பெனிகளுக்கு முகவரி. வரும் தபாலை ஸ்கேன் செய்து நமக்கு அனுப்புவார்கள். அடுத்தது வரி எண். அமெரிக்கப் பிரஜைக்கு ஆன்லைனில் உடனே கிடைக்கும். நம்மைப் போன்ற வெளியாளுக்கு, படிவத்தைப் பேக்ஸில் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

தாலுகா ஆபீசுக்கு எதிரே தங்கமாரி அக்கா ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். பேக்ஸ் மெஷின்மேல் துணி மூடி, அதன்மேல் பிள்ளையார் படம் வைத்திருந்தார். படத்தை எடுத்துவிட்டுத் தூசி தட்டினார்.

"அமெரிக்காவுல இன்னும் பேக்ஸா? நம்ம தாலுகா ஆபீசே விட்டுருச்சே."

"ஆமாக்கா."

"நெலாவுக்கு ராக்கெட்டு விடுதான். இதுக்கு ஒரு வழி பண்ண மாட்டானா? குடு." படிவத்தை வாங்கி மெஷினில் கொடுக்கும்போது படித்தார். அவர் எல்லாத் தாள்களையும் படிப்பவர். "தொடங்குறதுக்குக் காரணம்னு கேட்டிருக்கான். புதுத் தொழில்னு டிக் அடிச்சிருக்க."

"வேற கட்டம் பொருந்தலக்கா."

அவர் என்னைப் பார்த்தார். தாள் உள்ளே போனது. சில வாரம் கழித்து ஒரு மதியம் அவரே கூப்பிட்டார். "வாய்யா தொரை. ஒபாமா ஊர்ல இருந்து ஒனக்குப் பேக்ஸு வந்திருக்கு."

என் பழைய பக்கங்கள் எல்லாவற்றையும் கம்பெனிக்கு மாற்றினேன். விண்ணப்பித்தேன். டிரை ரிவர் மீடியா, வயோமிங், அமெரிக்கா. அன்றைக்கே உதயகுமாரிடமிருந்து ஆங்கிலத்தில் மின்னஞ்சல் வந்தது. மதிப்பிற்குரிய ஐயா என்று தொடங்கியது. தங்களைப் போன்ற பெரிய நிறுவனம் எங்களைத் தேர்ந்தெடுத்தது எங்கள் பாக்கியம் என்று இருந்தது. நான் கேட்காமலே மற்றவர்களைவிடக் கூடுதல் தரகு தருவதாக எழுதியிருந்தார். ஒரே மனிதர். கடையில் போப்பா, மின்னஞ்சலில் ஐயா.

அவருடைய கிரைண்டர் நல்ல கிரைண்டர். தோசைக்கல்லும் மோசமில்லை. அதை அப்படியே எழுதினேன். நானே மாவாட்டி, நானே தோசை சுட்டுப் பார்த்தேன். யாரும் வாங்கியதைத் திருப்பி அனுப்பவில்லை. ஆடிக்குள் அவருடைய விற்பனையில் பெரும்பங்கு என் வழியாகப் போனது. ஆவணியில் தன் விளம்பரத்தை நிறுத்தினார். பிறகு மற்றத் தரகர்களையும் நிறுத்தினார். அமெரிக்காக்காரனே எடுத்துச் செய்யும்போது உள்ளூர்க்காரர்களுக்கு எதற்குக் கொடுக்க வேண்டும் என்று நினைத்திருப்பார். நான் கேட்கவில்லை.

ஹீட்டரைப் பற்றி மட்டும் நான் ஒரு வரியும் எழுதவில்லை. ஏன் என்று கேட்டார். குளிர்காலத்துக்கு வைத்திருக்கிறோம் என்று பதில் போட்டேன். அப்படியென்றால் எவ்வளவு சரக்கு இறக்கலாம் என்று கேட்டார். எவ்வளவு வைத்துக்கொள்ள விருப்பமோ அவ்வளவு என்று எழுதினேன்.

தங்கமாரி அக்காவுக்கு அருப்புக்கோட்டைச் செய்தியெல்லாம் வரும். உதயகுமார் புதிதாக ஒரு குடோன் பிடித்திருக்கிறார் என்றார். கடையில் அமெரிக்கா மேப்பு மாட்டி, ஒரு இடத்தில் சிவப்புப் பொட்டு வைத்திருக்கிறாராம். வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறாராம்.

"அது எந்த ஊருன்னு கேட்டா அவருக்கே வாயில நொழையலயாம்" என்றார்.

தீபாவளிக்கு முன்னால் வயோமிங் ஏஜெண்டிடமிருந்து தகவல் வந்தது. இந்தியாவிலிருந்து ஒரு பார்சல். சாப்பிடும் பொருள்போல் இருக்கிறது, ஒரு பக்கம் எண்ணெய் கசிகிறது. கூடவே பிரித்து எடுத்த ஒரு படமும் அனுப்பியிருந்தார்கள். கஸ்தூரி ஹோம் நீட்ஸ் என்று அச்சடித்த ஸ்வீட் பாக்ஸ், காரம் ஒரு பாக்கெட், குத்துவிளக்கு, மாதக் காலண்டர். யாவாரத்தில் உடனிருப்பவர்களுக்குத் தீபாவளிக்குப் பலகாரம் அனுப்புவது அவர்கள் குடும்ப வழக்கம். வெள்ளத்துரை காலத்தில் கூரை போட்ட சின்னக் கடைக்காரருக்கும் ஆள்விட்டுக் கொடுப்பார்களாம். உங்களுக்கு அனுப்பட்டுமா, தூக்கிப் போடட்டுமா என்று ஏஜெண்டு கேட்டிருந்தார்.

தூக்கிப் போடச் சொன்னேன்.

அந்த வாரமே உதயகுமாருக்கு எழுதினேன். பலகாரத்துக்கு நன்றி. ஹீட்டர் பக்கத்துக்கு ஒரு வீடியோ வேண்டும். நீங்களே தமிழில் பேசுங்கள். மற்ற ஹீட்டர்களைவிட உங்கள் ஹீட்டர் எப்படி வேறுபட்டது என்று, பொருளைக் கையில் வைத்துக் காட்டுங்கள்.

தரகர்கள் கேட்பதும் கடைக்காரர்கள் அனுப்புவதும் வழக்கம்தான். மூன்றாம் நாள் அனுப்பிவிட்டார். குடோனில், கூரை தொட அடுக்கிய பெட்டிகளுக்கு முன்னால், வெள்ளைச் சட்டையில் நிற்கிறார். ஹீட்டரின் வயரைப் பிடித்துப் பிளக்கைக் காமிராவுக்கு நேரே நீட்டுகிறார். "மத்தவங்க மூணு முனை தருவாங்க. நம்ம கிராமத்து வீட்டு சுவிட்ச் போர்டுல அது போகாது. ரிட்டர்ன் வந்துக்கிட்டே இருந்துச்சு. நாங்க யோசிச்சோம். வர்ற சரக்கு பூராவையும் ரெண்டு முனையா மாத்திட்டோம். எங்க வேணா சொருகிக்கலாம். இப்ப ஒரு ரிட்டர்ன் கெடையாது."

வர்ற சரக்கு பூராவையும். அதை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். அவள் யாரிடமும் எதுவும் கேட்டிருக்க வேண்டியதில்லை. பெட்டியைத் திறந்தால் அப்படித்தான் இருந்திருக்கும்.

மார்கழி பிறந்தது. இட்லி தின்று கை கழுவிவிட்டு உட்கார்ந்தேன். கிரைண்டர், தோசைக்கல், குக்கர் என்று அவர் கடைக்குப் போன என் இணைப்புகள் அத்தனையையும் ஒரே பக்கத்துக்குத் திருப்பினேன். அந்தப் பக்கத்தில் முதலில் அவருடைய வீடியோ. அதன்கீழே எங்கள் குளியலறையில் இருந்த ஹீட்டரை அறுத்து எடுத்த படம். உறை அரித்து, கம்பி தெரிவது. அதன்கீழே நாகஜோதியைப் பற்றி அவர் கடை போட்ட பதில். நானாக ஒரு சொல்லும் எழுதவில்லை.

கஸ்தூரி ஹீட்டர் என்று தேடினால் அந்தப் பக்கம்தான் முதலில் வந்தது. என் பக்கங்கள் எப்போதும் முதலில்தான் வரும். சாயங்காலத்துக்குள் வாட்ஸ்அப்பில் வேறு மாதிரிப் பேசினார்கள்.

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு முதல் கடிதம் வந்தது. ஏதோ தொழில்நுட்பக் கோளாறு, தயவுசெய்து கவனிக்கவும். அடுத்தது, தயவுசெய்து உடனே கவனிக்கவும். அடுத்தது ஐயா இல்லாமல் வந்தது. பிறகு வக்கீல் நோட்டீஸ் வயோமிங்குக்குப் போனது. ஏஜெண்டு அதை ஸ்கேன் செய்து எனக்கு அனுப்பினார். நான் பதில் போட்டேன். தமிழில். 'நேரில் வரவும். தங்கமாரி ஜெராக்ஸுக்குப் பின் தெரு, திருச்சுழி.'

ஞாயிற்றுக்கிழமை கார் வந்தது. வாசலில் நின்று பெயர்ப்பலகை தேடினார். நான் வெளியே வந்தேன். என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்றும் பார்த்தார்.

"ஏலே. நீயா?"

"வாங்க அண்ணாச்சி."

"அமெரிக்கா கம்பெனி?"

"நான்தான்."

"எத்தன பேரு?"

"நான் மட்டும்தான்."

உள்ளே வந்து உட்கார்ந்தார். கேன் தண்ணீரைப் பார்த்தார். நான் தண்ணீர் கொடுக்கவில்லை.

"ஒனக்கு ஸ்வீட்டு வேற அனுப்புனேனேடா" என்றார். அவருக்கே சிரிப்பு வந்துவிடும்போல் இருந்தது. வரவில்லை. "சரி, பேசிக்கிருவோம். என்ன வேணும், சொல்லு. எம்புட்டுன்னாலும்..."

"வேணாம்."

"அப்ப கேஸு போடுவேன். மானநஷ்டம். நீ எழுதுனதெல்லாம் பொய்யின்னு..."

"நான் ஒண்ணும் எழுதல. வீடியோ உங்களுது, பதில் உங்களுது. கேஸ வயோமிங்ல போடுங்க. ஊரு குளிரும். போகையில ஹீட்டர் கொண்டு போங்க."

அவர் எழுந்துவிட்டார். உட்கார்ந்தார். பிறகு வேறு குரலில் கேட்டார்.

"சரிப்பா. ரெண்டு முனை ஆபத்துன்னு ஒனக்கு மொதல்லயே தெரியும்ல. வருசம் பூரா ஏன் வாயத் தொறக்கல? குளிருக்குன்னு சொல்லி என்னைய எறக்க விட்ட. அதுக்கு முன்னாடி வித்தது எத்தன வீட்டுல தொங்குதோ. அதுல ஒண்ணு போயிருந்தா அது யாரு கணக்கு?"

அது சரியான கேள்வி. நானும் அதை யோசித்திருக்கிறேன். அப்போது வாய் திறந்திருந்தால் அதற்கும் அவளே கேட்டாள் என்றே பதில் போட்டிருப்பார் என்பது ஒரு பதில். அவர் குடோன் நிறையும்வரை எனக்குப் பொறுமை இருந்தது என்பது இன்னொரு பதில். இரண்டையும் அவரிடம் சொல்லவில்லை.

"வித்தது அத்தனையையும் திருப்பி வாங்குங்க" என்றேன். "குடோன்ல உள்ளது வெளிய போகக் கூடாது. அது ஒண்ணு."

"செத்தேன். இன்னொண்ணு?"

"மல்லாங்கிணத்துக்கு வரணும்."

"அங்க யாரு?"

"அவ அம்மா."

அவருக்குப் புரிந்தது. கண்ணாடித் தடுப்பு இல்லாத இடத்தில் அவர் முகம் சின்னதாக இருந்தது.

"வந்தா பக்கத்த எடுத்துருவியா?"

"மாட்டேன். கிரைண்டர், தோசைக்கல் இணைப்பெல்லாம் உங்க கடைக்குத் திரும்பும். ஹீட்டர் பக்கம் இருக்கும்."

எப்போது திரும்பும் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அவருடைய காரிலேயே போனோம். காரியாபட்டி தாண்டும்வரை அவருக்குப் போன் வந்துகொண்டே இருந்தது. எடுத்து, "இருப்பா, இருப்பா" என்று சொல்லி வைத்தார். கருவேலங்காட்டு ஓரம் ஒருமுறை டிரைவரிடம் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிப் போய் நின்றார். திரும்பி ஓடிவிடுவாரோ என்று நான் கதவில் கை வைத்திருந்தேன். வந்து ஏறிக்கொண்டார்.

மாமியார் வீட்டுக்குள் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வீட்டில் இருப்பார்.

"வாங்க மாப்ள. ஆரு இவுக?"

"ஹீட்டர்க் கடைக்காரர், அத்தை."

அவர் எழுந்திருக்கவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை. வெங்காயத்தை உரித்துக்கொண்டே இருந்தார். உதயகுமார் வாசல் நிலைக்கு வெளியே நின்றார்.

"அம்மா, அன்னைக்கு எங்க கடையில போட்டது..." என்று தொடங்கி என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். "அந்தப் பிள்ள அப்பிடி ஒண்ணும் சொல்லலம்மா. எங்க ஆளுகிட்ட ஒண்ணுமே கேக்கல. நாங்க வித்த சரக்கு பூராவுமே அப்பிடித்தான். போன் பதிவெல்லாம் கெடையாது. கடைக்குக் கெட்ட பேரு வந்துரும்னு நாந்தான் அப்பிடி எழுதச் சொன்னேன்."

"இன்னொருக்கச் சொல்லு."

இன்னொரு தடவை சொன்னார். இந்தத் தடவை கொஞ்சம் சுருக்கமாக.

"எம்மக சொல்லல."

"சொல்லலம்மா."

மாமியார் தோலை ஒதுக்கித் தள்ளினார். "ஒங்க வீட்டுல எதுல தண்ணி காயுது?"

"மாடில சோலாரும்மா."

"அது கடிக்காதாக்கும்."

கைகளை எங்கே வைப்பது என்று உதயகுமாருக்குத் தெரியவில்லை. பிறகு பழக்கத்தில், "அப்ப நான் வாரேம்மா" என்றார்.

மாமியார் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

"எழவு வீட்டுல வாரேன்னு சொல்லிட்டுப் போகாத. போ."

போனார். கார் திரும்பும் சத்தம் கேட்டது. அது ரோட்டுக்கு ஏறும்வரை மாமியார் வெங்காயம் உரித்தார். கண்ணைத் துடைத்தார். வெங்காயக் கையால் துடைத்ததில் இன்னும் நீர் வந்தது. முந்தானையால் ஒற்றிக்கொண்டார்.

"மாப்ள."

"சொல்லுங்க அத்தை."

"இம்புட்டு நாளா மறுபடி கேக்கப் பயந்துக்கிட்டே இருந்தேன். நீங்களும் அதையே சொல்லிப்புட்டா என்ன பண்றதுன்னு." உரித்த வெங்காயத்தைத் தட்டில் ஒன்றாகச் சேர்த்தார். "கடைசியா என்னதான் சொன்னா?"

இதை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. போலீசும் கேட்கவில்லை. அன்று நாகஜோதி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, குளியலறைக் கதவில் ஒரு கை வைத்து, என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"அரிசி ஊறுது. நான் குளிச்சிட்டு வாரதுக்குள்ள பச்ச மொளகா வாங்கியாந்துருங்க. நேத்து மாதிரி மறந்துட்டு வந்து நிக்காதீங்க."